சின்ன விமான நிலையத்தில் எட்டு வருஷம்: பலகையை விட்டுவிட்டு வருகிற விமானத்தைப் பாருங்கள்

வேலை காரணமாக எட்டு வருஷமாக, மாதம் இரண்டு தடவையாவது ஒரு சின்ன விமான நிலையத்தில்தான் ஏறி இறங்குகிறேன். ஒரே கட்டடம், இரண்டு கேட், ஒரு கன்வேயர் பெல்ட். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், வாசலில் இறங்கிய இருபது நிமிஷத்தில் சோதனையெல்லாம் முடித்து உட்கார்ந்துவிடலாம்.

அதை நம்பிக் கடைசி நேரத்தில் மட்டும் போகாதீர்கள். செக்-இன் பல இடங்களில் விமானம் கிளம்ப 45 அல்லது 60 நிமிஷத்துக்கு முன்பே முடிந்துவிடும், அப்புறம் அதே ஊழியர்கள்தான் கேட்டுக்குப் போய் போர்டிங் பார்ப்பார்கள், கவுண்டரில் கெஞ்சுவதற்குக்கூட ஆள் இருக்காது.

தாமதம்தான் பெரிய விஷயம். நீங்கள் ஏறப்போகும் விமானம் பெரும்பாலும் பெரிய ஊரிலிருந்து வந்து, ஆளை இறக்கிவிட்டு, அரைமணி நேரத்தில் அப்படியே திரும்புகிற விமானம். அது அங்கேயே கிளம்பாமல் நிற்கும்போதும் இங்கே விமான நேரம் காட்டும் பலகையில் 'சரியான நேரம்' என்றே இருக்கும். விமானங்களை நேரலையில் காட்டும் ஃபிளைட்ராடார்24 செயலியில் அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பலகை மாறுவதற்கு முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பனிமூட்டக் காலத்தில் காலை விமானத்துக்கு இது கட்டாயம், ஏனென்றால் ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலால் விமானத்தை ரன்வேக்கு வழிகாட்டும் கருவி) வசதி இல்லாத ரன்வேயில் இறங்க விமானிக்குக் கூடுதல் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நான் பட்டது ஒன்று. தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டிருந்தேன், முதல் விமானம் தாமதம், இரண்டாவது போயே போய்விட்டது, அந்தப் பணமும் போனது. இரண்டும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) என்றால் அடுத்த விமானத்தில் இடம் கேட்க வழி இருக்கும், லக்கேஜும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை டேக் ஆகும். சில நூறு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் விமானம் ஏடிஆர் 72 (இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம்) என்றால் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், முன்பக்கக் கதவு சரக்குக்கு. அதனால் பின்வரிசைக்காரர்கள்தான் முதலில் இறங்குவார்கள். சீட்டுக்கு மேலே பை வைக்கும் அறை சின்னது, சக்கரப் பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை எடுத்துவிடுங்கள், அது சரக்கில் போகக்கூடாது. மாத்திரையும் கையிலேயே இருக்கட்டும்.

இரவு கடைசி விமானத்தில் வருகிறீர்களா, வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெட்டி வந்த பத்து நிமிஷத்தில் வெளியே ஒரு வண்டி இருக்காது.