குளிர்காலத்தில் ஜப்பான் தோட்டம் பார்க்க கியோட்டோவா, கனாசாவாவா?

பிப்ரவரியில் ஜப்பான் போகிறோம் என்று சொன்னபோது எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் குளிரில் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கும்? நியாயமான கேள்வி. செர்ரி பூக்கும் ஏப்ரலும் மேப்பிள் சிவக்கும் நவம்பரும்தான் எல்லோரும் போகிற மாதங்கள். எங்களுக்கு லீவு கிடைத்தது பிப்ரவரியில், அவ்வளவுதான் காரணம்.

திட்டம் என்னவோ சாதாரணமானதுதான். டோக்கியோவில் இறங்கி, கனாசாவாவில் 3 இரவு, அப்புறம் கியோட்டோவில் 5 இரவு. கடைசியில் நடந்தது நேர்மாறு. கனாசாவாவில் இரண்டாம் நாள் மாலையே நானும் மனைவியும் உட்கார்ந்து பேசி, அங்கே 5 இரவு, கியோட்டோவுக்கு 3 இரவு என்று மாற்றிக்கொண்டோம். ஹோட்டலை ரத்து செய்ததில் ஓர் இரவுக் கட்டணம் போனது. அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. ஆகவே நான் யார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோயில்கள் என்று வந்தால் கியோட்டோவோடு யாரும் போட்டி போட முடியாது. 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய கியோட்டோவின் நினைவுச்சின்னங்கள் மட்டும் 17 இடங்கள். கனாசாவாவில் பெரிய தோட்டம் என்றால் கென்ரோகுஎன் ஒன்றுதான், அதோடு கோட்டைப் பக்கம் சின்னதாக ஒன்றிரண்டு. குளிரிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜனவரி சராசரி கனாசாவாவில் 4 டிகிரி, கியோட்டோவில் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சென்னைக்காரர்களுக்கு இரண்டுமே ஒன்றுதான், நடுக்கம்.

வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது நீரை வாரிக்கொண்டு வந்து, மலையில் முட்டிக் கடலோரத்திலேயே கொட்டிவிடுகிறது. கனாசாவா அந்தக் கரையில் இருக்கிறது. ஜனவரியில் மட்டும் அங்கே சுமார் 250 மில்லிமீட்டர் மழையும் பனியும், கியோட்டோவில் அதில் ஐந்தில் ஒரு பங்கு. 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்த ஊர்ப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. காலையில் வெயில், பத்து மணிக்குக் கல்மழை, பதினொன்றுக்குப் பனி, மத்தியானம் வெறும் மழை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தோம். பனி கொட்டும்போதே இடியும் இடித்தது. பனிக்காலத்தில் வரும் இந்த இடிக்கு 'புரியை எழுப்பும் இடி' என்று பெயராம், புரி என்பது அங்கே குளிர்காலத்தில் கொழுத்துக் கரைக்கு வரும் ஒரு மீன். ஐப்பசி அடைமழைக்கு இடி கேட்டுப் பழகிய காதுக்கு, சத்தமே இல்லாமல் விழும் பனிக்கு நடுவே இடி கேட்பது என்னவோ போலிருந்தது.

இப்போது நான் ஊரை மாற்றிக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். பனி பெய்யும்போதும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் கனாசாவாவில் விழும் பனி தூளாக இருக்காது, ஈரமாக இருக்கும். நனைந்த பஞ்சு மூட்டை போல கிளையில் ஒட்டிக்கொண்டு கனம் ஏற்றும். பக்கவாட்டில் கைநீட்டி வளர்த்த பழைய பைன் கிளை அந்தப் பாரத்தில் முறிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 1 அன்று கென்ரோகுஎன் தோட்டக்காரர்கள் கராசாகி பைன் என்ற மரத்திலிருந்து ஆரம்பித்து, மரத்தை ஒட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளைக் குடை போல இறக்கி ஒவ்வொரு கிளையாகக் கட்டுகிறார்கள். யுகிட்சுரி என்று பெயர், பனித் தூக்கு என்று சொல்லலாம். குலை தள்ளிய வாழைக்கு நம் ஊரில் கீழே இருந்து முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா, அதே வேலைதான், இங்கே மேலே இருந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். இதில் ஒரு வகையை 'ஆப்பிள் தூக்கு' என்றே சொல்கிறார்கள். காய்த்துத் தொங்கும் ஆப்பிள் கிளையைத் தாங்கக் கட்டிய முறையிலிருந்து வந்ததாம்.

அந்தக் கராசாகி மரத்துக்கு மட்டும் ஐந்து கம்பங்கள், சுமார் 800 கயிறுகள். கனாசாவாவை ஆண்ட மாயேதா குலத்தின் 13-ஆவது பிரபு பிவா ஏரிக்கரையில் கராசாகி என்ற இடத்திலிருந்து விதை வரவழைத்து வளர்த்த மரம். நவம்பரில் தொடங்கும் வேலை தோட்டம் முழுவதும் முடிய டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். மார்ச் 15 வாக்கில் அவிழ்க்க ஆரம்பிக்கிறார்கள். அதாவது ஆண்டில் நான்கரை மாதம் கட்டுவதும் வைத்திருப்பதும் அவிழ்ப்பதுமாகவே போகிறது.

எனக்கு இதில் பிடித்தது அழகு மட்டும் இல்லை. பனி பெய்யாவிட்டாலும் கயிறு அங்கே இருக்கிறது. கியோட்டோவில் குளிர்காலத் தோட்டம் என்று படத்தில் பார்ப்பதெல்லாம் கின்காகுஜி என்ற தங்கக் கோயிலின் கூரையில் பனி மூடியிருக்கும் காட்சிதான். அது ஆண்டுக்குச் சில காலைகள் மட்டுமே கிடைக்கிற அதிர்ஷ்டம், மத்தியானத்துக்குள் கரைந்தும் விடும். நாலு மாதத்துக்கு முன்பே டிக்கெட் போடுகிற நம்மைப் போன்றவர்கள் அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் போக முடியுமா? கனாசாவாவில் குளிர்காலத் தோட்டத்தை மனிதக் கைகள் கட்டி வைத்திருக்கின்றன. பனி விழுந்தால் கயிற்றின் மேல் வெள்ளைக் கோடு விழும், மழை பெய்தால் கயிறு கறுத்துச் சொட்டும், ஒன்றுமே இல்லாத நாளில் கசுமிகா குளத்துத் தண்ணீரில் அந்தக் கூம்புகள் தலைகீழாகத் தெரியும். ஐந்து நாளில் நான்கு நாள் போனேன், நான்கும் வேறு வேறு தோட்டம். நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் 320 யென். விடிகாலையில் இலவசமாகவே விடுகிறார்கள், ஆனால் எல்லா வாசலும் திறந்திருக்காது, குளிர்காலத்தில் 8 மணிக்கு டிக்கெட் நேரம் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு நாங்கள் போன அன்று, ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் கல்லிலுமாக நிற்கும் கொதோஜி விளக்குக்குப் பக்கத்தில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். கிளைகளிலிருந்து பனிக்கட்டி பொத்தென்று விழும் சத்தம் அவ்வப்போது.

தோட்டத்தோடு இது நின்றுவிடவில்லை. நாகமாச்சி என்ற பழைய சாமுராய் தெருக்களில் மண்சுவர்கள் உண்டு. பனி ஈரம் ஏறி உறைந்தால் மண் உதிர்ந்துவிடும் என்பதால் டிசம்பரில் சுவர் முழுக்க வைக்கோல் பாய் தொங்கவிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் மண்சுவருக்குக் கீற்றுத் தட்டி கட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான், பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரலில் வருகிறவர்கள் இதில் எதையும் பார்க்க முடியாது.

சரி, கியோட்டோ. அங்கே மூன்று இரவுதான் இருந்தேன், பனி பெய்யவில்லை, எனவே என் தீர்ப்பில் பாதி வானிலையின் தீர்ப்பு. பல கோயில் தோட்டங்கள் உள்ளே உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைத்தவை. செருப்பைக் கழற்றிவிட்டு, மரத் திண்ணையில் உட்கார்ந்து, எதிரே பார்க்க வேண்டும். ரியோஆன்ஜியின் கல்தோட்டம் அப்படித்தான்: வெண்சரளையில் 15 கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு என்பது உண்மை, அரை மணி நேரம் யாரும் நகரச் சொல்லாமல் உட்கார முடிந்தது. ஆனால் அந்தப் பலகை! பாதத்திலிருந்து முழங்கால் வரை உணர்ச்சியே இல்லாமல் போனது. கியோட்டோக்காரர்களே அந்தக் குளிரை 'அடிக்குளிர்' என்கிறார்கள், தரையிலிருந்து ஏறுகிறது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கட்டாயம், மூட்டு வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் இருமுறை யோசியுங்கள்.

இன்னொன்று, கல்லும் சரளையும் கொண்ட தோட்டம் எல்லாப் பருவத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். அதுவே அதன் பெருமை, குளிர்காலத்தில் போவதற்கு அதுவே தனிக் காரணமாகாது. தோஃபுகுஜி கோயிலில் மிரேய் ஷிகெமோரி என்ற தோட்டக் கலைஞர் 1939-ல் அமைத்த தோட்டத்தில் பாசியும் சதுரக் கல்லும் சதுரங்கக் கட்டம் போல இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் நாங்கள் போனபோது பாசி பழுப்பாகக் கிடந்தது. ஜூன் மழைக்குப் பின் இது எப்படி இருக்கும் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கனாசாவாவில் அந்தக் கேள்வி எங்களுக்கு வரவேயில்லை.

கியோட்டோவுக்குக் குளிர்காலத்தில் உள்ள பெரிய லாபம் வேறு: ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, வழக்கமாகப் பூட்டியிருக்கும் சில கோயில் கூடங்களையும் ஓவியக் கதவுகளையும் திறந்து காட்டுகிறார்கள். எந்தக் கோயில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாங்கள் ஒன்றுதான் பார்த்தோம், கோயில் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே கியோட்டோவைத் தேர்ந்தெடுக்கப் போதும். கனாசாவாவில் மியோரியூஜி என்ற கோயில், ரகசியப் படிகளும் பொய்க் கதவுகளும் நிறைந்தது, முன்பதிவு செய்துதான் போக வேண்டும், விளக்கம் ஜப்பானிய மொழியில். சுவாரஸ்யம்தான், பக்தி எதுவும் வராது. உண்மையான ஜென் மடம் வேண்டுமென்றால் ஃபுகுயிக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்தில் எய்ஹெய்ஜி போகலாம். தோகென் என்ற துறவி 1244-ல் நிறுவியது, தேவதாரு மரங்களுக்கு நடுவே மலைச் சரிவில் மூடிய படிக்கட்டு நடைகளால் கட்டடங்களை இணைத்திருக்கிறார்கள். பனியில் அந்த நடைகளில் ஏறிய ஒரு மணி நேரத்தைக் கியோட்டோவின் எந்தக் கோயிலுக்கும் மாற்ற மாட்டேன்.

சாப்பாட்டில் எங்கள் வீடு இரண்டு கட்சி. நான் மீன் சாப்பிடுவேன், மனைவி சைவம். இந்த விஷயத்தில் கியோட்டோவுக்கே வெற்றி, அவள் சொல்லச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜப்பானியச் சமையலில் எல்லாவற்றுக்கும் அடி தாஷி என்ற சாறு, அதில் பெரும்பாலும் கட்சுவோபுஷி இருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி, அதே சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. காய்கறிக் குழம்பு, சோபா நூடுல்ஸ், ஏன் கீரை மசியலில்கூட அது இருக்கும். கியோட்டோவில் இதற்கு வழி உண்டு: ஷோஜின் ர்யோரி என்ற மடத்துச் சமையல், கடற்பாசியும் காளானும் ஊறிய சாற்றில் செய்வது. டென்ரியூஜி கோயில் வளாகத்திலேயே ஷிகெட்சு என்ற உணவகம் இருக்கிறது. எள்ளில் செய்த 'டோஃபு', சுட்ட சேம்பு, யுபா என்ற சோயாப்பால் ஆடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவள் பயணத்திலேயே நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே மத்தியானம். நான்சென்ஜி கோயில் பக்கம் யுடோஃபு, அதாவது சுடுநீரில் சூடாக்கிய டோஃபு, குளிருக்கு அருமை. ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மாசி இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கனாசாவாவில் சைவம் கஷ்டம். கனாசாவாவைச் சுற்றியுள்ள காகா பகுதியின் தாமரைக் கிழங்கும் இனிப்பும் தேநீருமாக அவள் ஒப்பேற்றினாள். எனக்குத்தான் விருந்து. ஓமிச்சோ சந்தையில் கொழுத்த குளிர்காலப் புரி, இனிப்பு இறால் எல்லாம் சோற்றின்மேல் அடுக்கிக் கொடுத்தார்கள். கபுராசூஷி என்று டர்னிப் வில்லைகளுக்கு நடுவே புரியை வைத்து அரிசிக் கோஜியில், அதாவது ஒருவகைப் பூஞ்சை வளர்த்த அரிசியில், புளிக்கவைத்தது ஒன்று, முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், மூன்றாவது நாள் தேடிப்போய் வாங்கினேன். கோபாகோ என்ற சின்னப் பெண் நண்டுக்காகவே ஆசையோடு போயிருந்தேன், அதன் பருவம் டிசம்பர் 29-ஓடு முடிந்துவிடுகிறது என்பது சந்தையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆண் நண்டு மார்ச் வரை உண்டு, விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

போக்குவரத்து சுலபம். டோக்கியோவிலிருந்து கனாசாவாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். கனாசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு முன்பு ஒரே ரயிலில் போகலாம், 2024 மார்ச்சில் ஷின்கான்சென் பாதையை நீட்டிய பிறகு சுருகா நிலையத்தில் மாறியாக வேண்டும், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய பெட்டியோடு மாறுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அவ்வளவுதான் தொல்லை.

புத்தாண்டு நாட்களில் இரண்டு ஊரும் எப்படி இருக்கும் என்று என்னால் அனுபவத்தில் சொல்ல முடியாது, சிறு குழந்தைகளோடும் நாங்கள் போகவில்லை. வீட்டில் எல்லோரும் சைவம், கோயில்தான் முக்கியம் என்றால் கியோட்டோவில் 5 இரவும் கனாசாவாவில் 2 இரவும் வையுங்கள். தோட்டத்துக்காகப் போகிறீர்கள் என்றால் நாங்கள் கடைசியில் செய்த கணக்கு சரி, ஆனால் முதலில் கியோட்டோ போய்விட்டு அப்புறம் கனாசாவா போங்கள். கயிறு கட்டிய மரங்களைப் பார்த்துவிட்டுக் கியோட்டோவில் இறங்கிய எங்களுக்கு, முதல் நாள் முழுக்க எந்தப் பைன் மரத்தைப் பார்த்தாலும் கட்டாமல் விட்டுவிட்டார்களே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.