பாத்ரூம் கைப்பிடி: ஒட்டுவதா, துளை போட்டு முடுக்குவதா?

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், அவசர அவசரமாக ஆன்லைனில் வாங்கியது அந்த சக்‌ஷன் கைப்பிடி. இரண்டு ரப்பர் கிண்ணம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கம்பி. சுவரில் வைத்து அமுக்கி, மேலே இருக்கும் கொக்கியை மடக்கினால் கவ்விக்கொள்ளும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நான்காம் நாள் காலையில் பார்த்தால், யாரும் தொடாமலே கழன்று பக்கெட்டுக்குள் கிடந்தது. நல்லவேளை, அப்போது அம்மா கட்டிலில் இருந்தார்.

தப்பு முழுக்க அதன் மேல் இல்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் வெளிக்காற்று அதைச் சுவரோடு அழுத்துகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். 10 செ.மீ. அகலக் கிண்ணம் என்றால் கணக்குப்படி அதிகபட்சம் 80 கிலோ தாங்க வேண்டும். ஆனால் அது உள்ளே துளிக் காற்றும் இல்லாமல், நேராகச் சுவரை விட்டு இழுத்தால் வரும் கணக்கு. வழுக்குகிறவர் அப்படி இழுப்பதில்லை. கீழ்நோக்கித் தொங்குவார், கிண்ணத்தின் மேல் விளிம்பு உரிந்துகொண்டு வரும். டைல்ஸ் இடுக்கு கிண்ணத்துக்கு அடியில் வந்தாலோ, சொரசொரப்பான மேட் டைல்ஸாக இருந்தாலோ காற்று மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். சின்ன டைல்ஸ், எங்கே வைத்தாலும் ஓர் இடுக்கு மாட்டியது.

பெரிய பளபளப்பான டைல்ஸ் இருந்து, நிற்கும்போது தடுமாறாமல் லேசாக ஒரு கை வைத்துக்கொள்ள மட்டும் போதும் என்றால் சக்‌ஷன் பரவாயில்லை. ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். தினமும் குளிக்கும் முன் ஒரு முறை கழற்றி, துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். உடம்பு பாரத்தை அதில் போடக் கூடாது. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருப்பவர்கள் நிறைய பேர் உண்டு. அது சக்‌ஷனைவிட மோசம், ஏனென்றால் பார்க்க உறுதியாகத் தெரியும்.

அப்புறம் முடுக்கும் ஸ்டீல் கம்பி. இதில் கம்பியை விடச் சுவர்தான் முக்கியம் என்பது டிரில் போட ஆள் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. துளையிலிருந்து வரும் தூளைப் பார்த்தே சுவர் என்ன என்று சொல்லிவிட்டார். முதலில் பூச்சுக்குச் சாம்பல் தூள், அதன்பின் சிவப்பு என்றால் செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்து டிரில் திணறினால் கான்கிரீட். வெளிறிய மாவு மாதிரி வந்து டிரில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமென்ட் கல், புது அடுக்குமாடிகளில் அதிகம் இதுதான். கான்கிரீட்டில் விரியும் ஆங்கர் போல்ட் பிரமாதமாக நிற்கும். அதையே ஏஏசியில் போட்டு முடுக்கினால் கல் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். அதற்கு நீளமான நைலான் பிளக் அல்லது துளைக்குள் பசை செலுத்தி இறுக விடும் கெமிக்கல் ஆங்கர்தான் சரி. செங்கல்லுக்கும் நீள பிளக் போதும், ஆனால் திருகு கல்லில் இறங்க வேண்டும், கலவை இடுக்கில் இறங்கினால் பிடிக்காது.

துளை போடும் முன் ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். வெறுமையாகச் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிடலாம். டைல்ஸ் மேற்பரப்பைத் தாண்டும் வரை டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்து இடித்துத் துளைக்கும் மோடை, போடவே கூடாது, விரிசல் விடும். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளை வேண்டாம். உள்ளே போகும் பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும். கீஸர் ஒயரும் அப்படித்தான்.

எந்த ஸ்டீல்? கடையில் 202, 304 என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரண்டு ரகம் சொல்வார்கள். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். இரண்டிலுமே அநேகமாகக் காந்தம் ஒட்டாது. போர் தண்ணீரும் கடல் காற்றும் உள்ள ஊரில் 202 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருவேறும். கொஞ்சம் கூடக் கொடுத்து, பில்லில் 304 என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணாடி போல் மின்னும் கம்பியை நான் வாங்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையோடு அம்மா அதைப் பிடித்தால் விலாங்கு மீன் கதைதான். சொரசொரப்பான பிடி உள்ளதாகப் பாருங்கள்.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் கீழ் வரும் ஏடிஏ தரம் கம்பியைப் படுக்கையாக, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் வைக்கச் சொல்கிறது. சுவருக்கும் கம்பிக்கும் 1.5 அங்குல இடைவெளி, 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்கும் வலு. இடைவெளியையும் வலுவையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உயரம் மட்டும் நமக்கு ஒத்துவராது. நம் வீட்டில் பெரியவர்கள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து மக்கால் மொண்டு குளிக்கிறவர்கள்; அங்கிருந்து 36 அங்குலம் எட்டாக்கை. அம்மாவை உடையோடு ஸ்டூலில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாகப் போன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. அங்கே படுக்கையாக ஒன்று, அழுத்தி எழ. வாசல் படி தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒன்று, பிடித்து நிற்க. ஒரே கம்பிதான் முடியும் என்றால் எல் வடிவத்தில் வாங்கலாம். சாய்வாக மாட்டினால் ஈரக் கை கீழ்நோக்கி வழுக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை.

வாடகை வீட்டில் ஓனர் துளை போட விடாவிட்டால், வெஸ்டர்ன் டாய்லெட்டைச் சுற்றி நிற்கும் ஃப்ரேம் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரே பக்கம் சாய்ந்தால் அது கவிழும், காலில் உள்ள ரப்பரைத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். ஆனாலும் முதலில் ஓனரிடம் பேசிப் பாருங்கள். நாலைந்து துளை, காலி செய்யும்போது கம்பியை அவருக்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்றால் பலர் சரி என்பார்கள்.

“இதெல்லாம் எனக்கு எதுக்குடா, நான் என்ன கிழவியா?” என்று கேட்ட அம்மா, இப்போது குளித்துவிட்டு ஈரத்துண்டை அதில்தான் போடுகிறார். நான் எடுத்து வெளியே கொடியில் போட்டுவிட்டு, கம்பியை ஒரு முறை உலுக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.