நினைவூட்டுவதா, நலம் விசாரிப்பதா?

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள் கூட்டு மருந்துச் சிகிச்சையை இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் சிறு குழு ஒன்றில் நான் ஆலோசகர். எங்கள் பட்டியலில் ஏறத்தாழ 140 பேர். கைபேசி வழியாக அவர்களுடன் தொடர்பில் இருக்க வேண்டும் என்று முடிவானபோது நான்கு வழிகள் தெரிந்தன: தினமும் நினைவூட்டும் குறுஞ்செய்தி, வாரம் ஒருமுறை நலம் கேட்டுப் பதில் வாங்கும் குறுஞ்செய்தி, நேரடி அழைப்பு, வாட்ஸ்அப். முதல் வழியில் தொடங்கினோம். நான்கே மாதத்தில் கைவிட்டோம். இரண்டாவது வழிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இனி மாறுவதாக இல்லை.

வாட்ஸ்அப்பை அதிகம் யோசிக்கவில்லை. எங்களவர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. குழு தொடங்கினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும், எச்.ஐ.வி. சிகிச்சையில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. நேரடி அழைப்பில் குரலைக் கேட்க முடியும் என்பது பெரிய நன்மைதான். ஆனால் தறிக்கூடத்தில் நிற்பவர் காலை பதினொரு மணிக்கு எடுத்து என்ன பேசுவார்? பக்கத்தில் ஆள் இருக்கும்போது "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஆக, உண்மையான போட்டி இரண்டு குறுஞ்செய்திகளுக்கு இடையில்தான்.

தினசரி நினைவூட்டல், பார்க்க எளிது. ஒருமுறை அமைத்துவிட்டால் தானாகப் போய்க்கொண்டிருக்கும். அதன் குறையும் அதுவேதான். பத்து நாளில் அது காதில் விழாத கோயில் மணியாகிவிடுகிறது. எங்கள் முதல் செய்தியில் "மருந்து" என்ற சொல் இருந்தது. ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் அதைப் படித்துவிட்டு, "இது என்ன மருந்து?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டான். சத்து மாத்திரை என்று சொல்லிச் சமாளித்ததாக அவர் என்னிடம் சொன்னபோது குரல் நடுங்கியது. அது எங்கள் தவறு. எந்தச் சொல்லை அனுப்பலாம் என்று அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மறதிதான் சிக்கல் என்ற எண்ணமே பாதி பிழை. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உட்படச் சில இடங்களில் அரசு இலவச மருந்து தரத் தொடங்கிய காலத்தில் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலோருக்கு டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. அதை மறந்து விட்டவர்களை விட, பஸ் செலவுக்கு இல்லாமல் விட்டவர்கள், ஒரு நாள் கூலி போகுமே என்று மருந்து தரும் மையத்துக்கு வராதவர்கள், வாசலில் ஊர்க்காரர் நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள்தான் எங்கள் ஏட்டில் அதிகம். இவர்களிடம் "மறக்காதீர்கள்" என்று சொல்லி என்ன பயன்?

கென்யாவில் நடந்த ஆய்வைப் படித்ததும்தான் எனக்குத் தெளிவு வந்தது. அங்கே செவிலியர் வாரம் ஒருமுறை சுவாஹிலியில் "மம்போ?", அதாவது எப்படி இருக்கிறீர்கள், என்று அனுப்புவார். நலம் என்றால் "சவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். "ஷிடா" வந்தாலும் பதிலே வராவிட்டாலும் செவிலியர் அழைத்துப் பேசுவார். 538 பேரைக் கொண்ட அந்த ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் குறுஞ்செய்திக் குழுவில் 62 சதவீதம், செய்தி போகாத குழுவில் 50. இரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 57 சதவீதம், மற்றதில் 48.

என் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் சொல்லக் கூடாது. கென்யாவிலேயே 48 வாரம் நடந்த இன்னொரு ஆய்வில் பதில் கேட்காத வாராந்திர நினைவூட்டலே பயன் தந்தது: 90 சதவீதத்துக்குக் குறையாமல் மருந்து எடுத்தவர்கள் அதில் 53 சதவீதம், செய்தி போகாதவர்களில் 40. தினசரி அனுப்பியதில் பயனில்லை. கேமரூனில் ஒருவழி வாராந்திரச் செய்தி குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. தென்னிந்தியாவில் 631 பேரிடம் வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் இரண்டு ஆண்டு அனுப்பிப் பார்த்தார்கள். மருந்து பலனளிக்காமல் போனவர்கள் அளவில் வேறுபாடு இல்லை என்று 2014-இல் முடிவு வந்தது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: தினமும் தொந்தரவு செய்யாதே, மறுமுனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும். இரண்டாவது பாதி என் அனுபவத்தின் சாய்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆளுக்குத்தான் முழுச் செலவும். இங்கேதான் வாராந்திர முறை வாழும், அல்லது சாகும்.

எங்கள் செய்தி இரண்டே சொல்: "வணக்கம். நலமா?" அமைப்பின் பெயர்கூடக் கிடையாது. நலம் என்றால் 1, பேச வேண்டும் என்றால் 2. பதில் அனுப்பக் காசில்லாதவர்கள் மிஸ்டு கால் கொடுக்கலாம். ரீசார்ஜ் திட்டத்தில் நாளுக்கு 100 செய்திதான் என்பதால் திங்கள் 70 பேர், செவ்வாய் 70 பேர். மேசையில் நீள ஏடு ஒன்று. பதில் வர வர நீல மையில் குறி, 2 வந்தால் சிவப்பு வட்டம். புதன் மாலைக்குள் வட்டம் போட்ட எல்லோரிடமும் பேசியாக வேண்டும். வியாழன் காலை, வெறுமையாக இருக்கும் கட்டங்களை அழைக்க வேண்டும். பாதி வேளை எண்ணே மாறியிருக்கும், சிம் காலாவதியாகியிருக்கும். புது எண்ணைத் தேடிப் பிடிப்பதற்கே வாரத்தில் அரை நாள் போகிறது.

ஒரு செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ஓர் அக்காவிடமிருந்து 2 வந்தது. மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அழைத்தேன். "தம்பி, மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகிறது. லீவு கேட்டால் எதற்கென்று கேட்பார்கள்" என்றார். மையத்தில் பேசி, சனிக்கிழமை அவர் வந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். தினசரிச் செய்தி போய்க்கொண்டிருந்த காலமாக இருந்தால், அந்த நான்கு நாளும் இல்லாத மாத்திரையைப் போடச் சொல்லி நான்கு செய்தி போயிருக்கும்.

ஒரு முறை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இரண்டு வாரம் 2-க்குப் பதில் போகவில்லை. அடுத்த மாதம் பதில்கள் பாதியாகக் குறைந்தன. கேட்டுவிட்டுக் காது கொடுக்காமல் இருப்பது, கேட்காமலே இருப்பதை விட மோசம். உங்களிடம் அந்த ஆள் இல்லை என்றால், பதில் கேட்காத வாராந்திரச் செய்தியோடு நின்றுகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

பதின்ம வயதினரைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. பட்டியலில் ஆறு பேர்தான், அவர்கள் வாட்ஸ்அப்பையே கேட்கிறார்கள். 140 பேரை வைத்து வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் அளவு, குறைந்தது இதனால்தான் என்றும் சொல்ல மாட்டேன். வியாழன் காலையின் வெறுமையான கட்டங்கள் முப்பதுக்கு மேல் இருந்தவை இப்போது பத்துப் பன்னிரண்டில் நிற்கின்றன.

தீபாவளி வாரத்தில் ஏடும் கைபேசியும் யாரிடம் இருக்கும் என்று இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அவர் வர முடியாவிட்டால் அடுத்து யார் என்பதும் கீழே இருக்கிறது.