வேட்கையும் அதன் விலையும்: ஹார்ப்பர், லார்சன், ஹர்ஸ்டன்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதிய தொடக்ககால நாவல்களுள் பெண்ணின் உடல்சார்ந்த விழைவை மிக நேர்மையாகச் சொன்னது எது என்று கேட்டால், இன்று பெரும்பாலோர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட ‘தேர் ஐஸ் வேர் வாச்சிங் காட்’ நாவலையே சொல்வார்கள். அந்த நாவல்மீது எனக்கும் ஆழ்ந்த பற்று உண்டு. எனினும் பிரான்சஸ் ஹார்ப்பரின் ‘அயோலா லெராய்’ (1892), நெல்லா லார்சனின் ‘குவிக்சாண்ட்’ (1928) ஆகிய இரண்டையும் அதனோடு சேர்த்துப் படித்தபின், அந்த முதலிடம் லார்சனுக்கே உரியது என்று கருதுகிறேன்.

ஹார்ப்பரை இந்த வரிசையில் பின்னுக்குத் தள்ளுவது எளிது. அவர் காலத்தை மறந்துவிட்டுத் தள்ளுவது நியாயமாகாது. அடிமைமுறையில் கறுப்பினப் பெண்ணின் உடல் சட்டப்படியே எசமானனின் உடைமையாக இருந்தது. அவ்வுடல்மீது நடந்த வன்முறைக்கான பழியும், அவள் இயல்பிலேயே ஒழுக்கமற்றவள் என்ற அவதூறாக மாறி அவள் தலையிலேயே விழுந்தது. 1890களிலும் ஓயாத அந்த அவதூறுக்கு விடையாகவே, அறுபது வயதைக் கடந்திருந்த ஹார்ப்பர் தம் நாயகியை அப்பழுக்கற்றவளாகப் படைத்தார். வெள்ளையினப் பெண்ணாகவே வளர்ந்த அயோலா, தந்தை இறந்தபின் தாயின் அடிமைப் பிறப்பைக் காரணம் காட்டி அடிமையாக்கப்படுகிறாள். உள்நாட்டுப் போரில் மீட்கப்பட்டுச் செவிலியாகிறாள். தன்னை மணக்க விரும்பும் வெள்ளை மருத்துவர் கிரெஷாமிடம், நமக்குப் பிறக்கும் குழந்தையின் மேனியில் கறுப்பினத்தின் நிறம் தெரிந்தால் மனம் ஒப்புவீர்களா என்று அவள் கேட்கிறாள். பின்னர் அவள் மணப்பது, வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ வழியிருந்தும் அதை மறுத்த கறுப்பினத்தவரான லாட்டிமரை. இனத்தைத் தேர்வதும் கணவனைத் தேர்வதும் அவளுக்கு ஒரே செயலாகிவிடுகின்றன. அவள் உடல் எதை விழைந்தது என்று நாவல் கேட்பதேயில்லை.

அந்தக் கேள்வியைத்தான் லார்சன் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து எடுத்துக்கொள்கிறார். டேனியத் தாய்க்கும் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்த ஹெல்கா கிரேன், தெற்கே நாக்ஸோஸ் என்ற கறுப்பினப் பள்ளியில் ஆசிரியை. கறுப்பு, சாம்பல், பழுப்பு, கருநீலம் ஆகியவையே கறுப்பினத்தாருக்கு ஏற்ற நிறங்கள் என்று அங்கே போதிக்கப்படுகிறது. பளிச்சென்ற நிறங்கள் அநாகரிகமாம். ஹார்ப்பர் தலைமுறை கேடயமாக ஏந்திய ஒழுக்கம் இங்கே இளம்பெண்களை மூச்சுமுட்டச் செய்யும் சீருடையாகிவிட்டதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பக்கங்கள் எனக்குத் தெரியவில்லை. ஹெல்கா கோப்பன்ஹேகனுக்குப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. அவளுடைய சித்தி வீட்டார் கண்ணைப் பறிக்கும் உடைகளையும் சிறுத்தைத்தோல் மேலங்கியையும் அணிவித்து அவளைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள். ஓவியர் ஆக்ஸல் ஓல்சன் தீட்டிய படத்தில் அவள் காண்பது தன்னையன்று, காமமே உருவான ஏதோ ஒரு பிறவியை. முதலில் மறைமுகமாகத் தன் விருப்பத்தைத் தெரிவித்து, பின்னர் திருமணம் கேட்கும் அவரிடம், தான் விற்பனைக்கில்லை என்று ஹெல்கா சொல்லும்போது, அடிமைச் சந்தையின் நினைவு முழுவதும் அந்த ஒரு மறுமொழியில் வந்து நிற்கிறது. ஓரிடத்தில் அவளுக்கு வேட்கை இருக்கவே கூடாது. மற்றோரிடத்தில் அவள் வேட்கை மட்டுமே. இந்த இரட்டைப் பூட்டைக் கண்டறிந்ததே லார்சனின் பெரும் சாதனை.

கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1928இல் எழுதிய மதிப்புரையில் இந்நாவலை மனமாரப் பாராட்டினார். அதே மதிப்புரையில், கிளாட் மெக்கேயின் ஹார்லெம் நாவலின் சில பகுதிகளைப் படித்தபின் குளிக்க வேண்டும்போல் இருந்ததாகவும் எழுதினார். அவர் இவ்வாறு மெச்சிய நாவல், கண்ணியம் என்பது ஒரு பெண்ணிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்பதையே பேசுகிறது என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

ஹர்ஸ்டனின் வழி வேறு. அவர் வெள்ளையரின் பார்வையைப் பெருமளவு கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கறுப்பினத்தார் தாமே ஆண்ட ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் ஊரையும், அவர்கள் வாய்ப்பேச்சின் தாளத்தையும் நாவலாக்கினார். பதினாறு வயதில், பூத்த பேரிமரத்தடியில் தேனீக்களைப் பார்த்தபடி கிடக்கும் நாயகி ஜேனிக்குத் தன் உடல் விழிப்பதில் வெட்கமோ குற்றவுணர்வோ இல்லை. அவளை அவசரமாக அறுபது ஏக்கர் நிலக்காரனுக்குக் கட்டிவைக்கும் பாட்டி, எசமானனின் வன்முறைக்கு ஆளானவள். தன் மகளும் அவ்வாறே சிதைக்கப்பட்டதைக் கண்டவள். பாதுகாப்பே முதன்மை என்ற ஹார்ப்பர் காலத்துக் குரலை அப்பாட்டியிடம் கேட்கிறேன். அதை இழிவுபடுத்தாமலே ஜேனி கடந்துபோக ஹர்ஸ்டன் இடமளித்தது பேரன்பு. இந்நாவலில் கருத்தும் இல்லை, செய்தியும் இல்லை என்று 1937இல் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் எழுதியது பெரும் பிழை. ஆனால் ஜேனி உளமார விரும்பிய மூன்றாம் கணவன் டீ கேக், அவள் தன்னுடையவள் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே அவளை அடிக்கும் இடத்தில், நாவல் அவள் மனத்துக்குள் நுழையாமல் மற்றவர்களின் பேச்சோடு நின்றுவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இன்னொரு வேறுபாடு. மூன்று திருமணங்களைக் கடந்த ஜேனிக்குக் குழந்தை இல்லை. விழைந்த உடல் சூலுற்றால் என்ன நேரும் என்ற கேள்விக்கே அந்நாவலில் வேலையில்லாமல் போகிறது. ஹெல்காவுக்கோ, தன்னை முத்தமிட்ட, முன்பு நாக்ஸோஸ் பள்ளியின் தலைவராக இருந்த ஆண்டர்சன் பின்னர் அதற்காக மன்னிப்புக் கேட்டு விலகியதும், விழைவுக்குச் சமூகம் ஒப்பும் ஒரே வழியாக எஞ்சுவது திருமணம். மழையில் ஒதுங்கிய சிறு வழிபாட்டிடத்திலிருந்து தொடங்கும் அந்தப் பாதை, பிளெசன்ட் கிரீன் என்ற போதகரின் மனைவியாக அவளை அலபாமாவுக்குக் கொண்டுபோய்ப் பேறுகாலக் கட்டிலில் கிடத்துகிறது. கணவனை வெறுத்து, விட்டுப்போகத் திட்டமிட்டு, உடல் சற்றே தேறி எழுந்ததும் அவள் தன் ஐந்தாவது குழந்தையைச் சூலுறுகிறாள். லார்சன் அந்த வாக்கியத்தோடு நாவலை நிறுத்திவிடுகிறார்.