அடைத்த தேதியைப் பார்த்து வாங்க வேண்டிய ஏல்: சியரா நெவாடா பேல் ஏல்

சிறு ஆலைகள் தம் பாணியில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் பற்றிப் பேச்சு எழுந்தால் புதிதாக வந்த பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன. பழச்சாறு போலக் கலங்கிய, ஹாப்ஸ் பூவின் மணம் தூக்கலான ஐபிஏ வகைகள், மரப்பீப்பாயில் ஊறிய கருநிற ஸ்டவுட்டுகள், புளிப்பு ஏல்கள் என்று ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒன்று பேசப்படுகிறது. ஆனால், இளஞ்சூட்டில் விரைவாக நொதிக்கும் பீர் வகையான ஏல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் ஊற்றித் தருவது, கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் காய்ச்சத் தொடங்கப்பட்டு இன்றும் பச்சை லேபிளோடு வந்துகொண்டிருக்கும் சியரா நெவாடா பேல் ஏலைத்தான். இந்த மதிப்புரைக்காகக் கடந்த இரண்டு மாதங்களில் அதை வெவ்வேறு வெப்பநிலைகளிலும், அடைத்து வெவ்வேறு காலம் கடந்த பாட்டில்களிலிருந்தும் நிதானமாக அருந்திப் பார்த்தேன். அதே ஆலையின் வேறு மூன்று ஏல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

முதலில் கோப்பையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பழுப்புப் பாட்டிலின் மூடியை நெம்பித் திறந்து, கோப்பையைச் சற்றுச் சாய்த்து ஊற்றினால், செம்பொன் நிறத்தில் மிக மெல்லிய கலங்கலோடு இறங்குகிறது. இரண்டு விரல் உயரத்துக்கு எழும் வெண்ணுரை எளிதில் அடங்குவதில்லை. ஒவ்வொரு மிடறுக்குப் பின்னும் கண்ணாடியின் உட்புறத்தில் சரிகை போல ஒரு வளையத்தை விட்டுவிட்டு இறங்குகிறது. மூக்கை அருகில் கொண்டுசென்றால், கிரேப்ஃப்ரூட்டின் தோலை நகத்தால் கீறியதும் தெறிக்குமே, அந்த எண்ணெய் வாசம் முதலில் வருகிறது. அதன் பின்னால் பைன் மரப் பிசினும், பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒரு வெள்ளைப் பூவும். வாயில் வைத்ததும் கசப்பு முந்திக்கொண்டு வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முதலில் தெரிவது மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு: பிஸ்கட்டின் ஓரம் போன்ற வறுவல் சுவையும், அதனோடு ஒட்டிய இலேசான கேரமலும். அந்த இனிப்பு நாக்கில் உட்கார இடம் தேடும் நேரத்தில் கசப்பு எழுந்து அதைத் துடைத்துவிட்டு, தொண்டையை உலர்வாக்கி, அடுத்த மிடறுக்கு வழிவிடுகிறது. இந்த வரிசை ஒவ்வொரு மிடறிலும் பிசகாமல் நடப்பதுதான் இந்த ஏலின் சிறப்பு என்று நான் கருதுகிறேன். கசப்பின் அளவு, அதை அளக்கும் ஐபியு என்னும் அலகில், 38; ஆல்கஹால் 5.6 விழுக்காடு. இரண்டுமே இன்றைய கிராஃப்ட் ஏல்களோடு ஒப்பிட்டால் அடக்கமான எண்கள்.

இந்த வரிசை எங்கிருந்து வருகிறது என்பது ஆலைக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைக்கிறார்கள். கொதிக்கும் நேரம் நீள நீள, ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறி, சாற்றில் கரையும் கசப்பாகின்றன. அதே நேரத்தில் பூவின் மணத்தைத் தாங்கும் எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடுகின்றன. கசப்பு வேண்டுமென்றால் முன்பே போட வேண்டும், மணம் வேண்டுமென்றால் கடைசியில் போட வேண்டும் என்பது இதனால்தான். இந்தப் பேல் ஏலில் மேக்னம், பெர்லே என்னும் ஹாப்ஸ் வகைகள் கசப்புக்காகவும், கஸ்கேட் மணத்துக்காகவும் சேர்க்கப்படுகின்றன. பல ஆலைகள் அரைத்து அழுத்திய ஹாப்ஸ் குளிகைகளுக்கு மாறிவிட்ட காலத்திலும், முழுப் பூவைப் பயன்படுத்துவதை இந்த ஆலை தன் அடையாளமாகவே வைத்திருக்கிறது.

கஸ்கேட் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் பயிர்ப்பெருக்கத் திட்டத்தில், ஆரகன் மாநிலத்தில் உருவாகி, 1972இல் சாகுபடிக்கு விடப்பட்ட வகை அது. அதன் மரபில் இங்கிலாந்தின் ஃபகிள் ஹாப்ஸும் இருக்கிறது. மென்மையான, மண்வாசம் கொண்ட ஐரோப்பிய ஹாப்ஸுக்குப் பழகியவர்களுக்கு இதன் பழத்தோல் மணம் முரட்டுத்தனமாகத் தெரிந்திருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் தன் லிபர்ட்டி ஏலில் அந்த மணத்தை மறைக்காமல் முன்னிறுத்தியது. அதை அன்றாடம் கிடைக்கும் ஒரு பாட்டிலுக்குள் நிலைநிறுத்தி, அமெரிக்கப் பேல் ஏல் என்றாலே இந்த மணம்தான் என்று உலகத்தை நினைக்கவைத்தது சியரா நெவாடா.

ஈஸ்டின் பங்கும் இதில் சிறியதன்று. லாகர் என்னும் மற்றொரு பீர் வகை குளிரில் மெதுவாக நொதிக்கிறது. ஏல் ஈஸ்டோ 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான இளஞ்சூட்டில் விரைவாக வேலை செய்து, வழக்கமாகப் பழவாசங்களையும் கூடவே உண்டாக்கிவிடுகிறது. லண்டனின் ஃபுல்லர்ஸ் இஎஸ்பி என்னும் ஏலைக் குடித்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு மார்மலேட் வாசம் நினைவிருக்கும். அதில் பெரும்பங்கு ஈஸ்ட் தந்தது. சிக்கோவின் ஈஸ்ட் அதற்கு நேர்மாறாக ஒதுங்கி நின்று, ஹாப்ஸும் மால்ட்டும் பேசட்டும் என்று விட்டுவிடுகிறது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் இதை ‘சிக்கோ ஈஸ்ட்’ என்றே சொல்வார்கள்; ஈஸ்ட் விற்கும் நிறுவனங்கள் பலவும் அந்த வகையைத் தத்தம் எண்களில் விற்கின்றன. எந்த நாட்டின் சிறு ஆலையில் அமெரிக்க பாணி ஏல் குடித்தாலும், அதை நொதிக்கவைத்தது இந்தக் குடும்பத்து ஈஸ்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆலையின் தொடக்கக் கதை பலரும் அறிந்ததே. வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே சிக்கோவில் அதற்கான பொருள்களை விற்கும் கடை நடத்திக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், நண்பர் பால் கமுசியோடு சேர்ந்து, பால் பண்ணைகள் கழித்துவிட்ட தொட்டிகளையும் குளிர்பானம் அடைக்கும் பழைய இயந்திரத்தையும் கொண்டு ஆலையைக் கட்டினார். 1980 நவம்பரில் முதலில் காய்ச்சியது ஒரு ஸ்டவுட். பேல் ஏல் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் வரும்வரை, காய்ச்சியதைத் தொகுதி தொகுதியாகக் கீழே ஊற்றியிருக்கிறார்கள். கையில் பணமில்லாத காலத்தில் அப்படிச் செய்வதற்குப் பெரிய மனத்திண்மை வேண்டும்.

இனி, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் இதே பேல் ஏலை வாங்கிச் சென்று, நான் பெரிதாகப் புகழ்ந்து சொல்லியிருந்த நண்பர் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் குடித்துப் பார்த்தேன். பழத்தோல் மணம் அடியோடு இல்லை. மால்ட் தேன் போலத் திகட்டியது. கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டியின் சுவை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், அடைத்து பத்து மாதம் ஆகியிருந்தது. கடையில் அதை வைத்திருந்தது குளிர்பெட்டியில் அன்று. விளக்குகள் சுடும் மேல் தட்டில். குறை ஏலில் இல்லை, வைத்திருந்த இடத்தில் இருந்தது என்று நண்பரிடம் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பினாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆகவே, இந்த முறை புதிதாக அடைத்த ஒரே தொகுதியிலிருந்து ஆறு பாட்டில்கள் வாங்கி, மூன்றைக் குளிர்பெட்டியிலும் மூன்றை வெயில் படாத, ஆனால் வெப்பமான ஓர் அலமாரியிலும் வைத்தேன். எட்டு வாரம் கழித்து இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றச் சொன்னேன். முகர்ந்த உடனேயே வேறுபாடு தெரிந்தது. அலமாரிப் பாட்டிலில் பைன் வாசம் முற்றிலும் மங்கி, கிரேப்ஃப்ரூட் இருந்த இடத்தில் பழைய ஆரஞ்சு ஜாம் போன்ற ஒன்று வந்திருந்தது. கசப்பு அளவில் குறையவில்லை. ஆனால் நாக்கின் பின்புறத்தில் கரகரவென்று தங்கியது. குளிர்பெட்டியில் இருந்தது ஏறத்தாழ வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது.

பாட்டிலுக்குள் மிஞ்சும் சிறிதளவு ஆக்சிஜனும் வெளிவெப்பமும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதைத் தடுக்க ஆலை தன் பங்குக்குச் செய்வதைப் பார்த்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது. அடைக்கும்போது சிறிது ஈஸ்டையும் சர்க்கரையையும் சேர்த்து, பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்கவிடுகிறார்கள். நுரைக்குரிய வாயு அதிலிருந்து கிடைப்பதோடு, உயிருள்ள ஈஸ்ட் எஞ்சிய ஆக்சிஜனையும் உண்டுவிடுகிறது. கையால் திருகித் திறக்கும் மூடியை விட்டுவிட்டு, நெம்பித் திறக்கும் மூடிக்கு மாறியதும் காற்று புகாமல் இருக்கத்தான். வசதி குறைந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, நான் அந்த மாற்றத்தை முழுமனத்தோடு வரவேற்கிறேன். பழுப்புக் கண்ணாடியும் இதே அக்கறைதான். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் விழுந்தால் கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றம் உண்டாகும். பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் அதைத் தடுப்பதில்லை. இத்தனையும் செய்து ஆலை அனுப்பிவைப்பதைக் கடையின் மேல் தட்டு சில வாரங்களில் பாழாக்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மற்ற ஏல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டார்பிடோ எக்ஸ்ட்ரா ஐபிஏ 7.2 விழுக்காடு. முழு ஹாப்ஸ் நிரப்பிய எஃகு உருளை வழியாக நொதித்த பீரைச் சுழற்றி மணத்தைப் பிழிந்தெடுக்கும் கருவியின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். முதல் பாதிக் கோப்பை அபாரம். பிறகு பிசின் சுவை என் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடுகிறது, ஒன்றுக்கு மேல் என்னால் முடிவதில்லை. செலிப்ரேஷன், ஆண்டின் இறுதியில் மட்டும் வருவது; அந்தப் பருவ அறுவடையில் முதலில் உலர்த்திய ஹாப்ஸைக் கொண்டு காய்ச்சுகிறார்கள். 6.8 விழுக்காடு இருந்தும் செந்நிற மால்ட்டின் திடத்தால் அந்த வலு உறுத்துவதில்லை. பேல் ஏலுக்கு அடுத்து இந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆண்டு முழுவதும் கிடைக்காதது வருத்தமே. பிக்ஃபுட் முற்றிலும் வேறு பிறவி: 9.6 விழுக்காடு கொண்ட பார்லிவைன் என்னும் மிக வலுவான ஏல் வகை. புதிதாக அடைத்ததாக இருப்பதுதான் முக்கியம் என்று இதுவரை நான் சொன்னதற்கு இது விதிவிலக்கு. குளிர்ந்த இருட்டில் சில ஆண்டுகள் வைத்தால் அதன் முரட்டுக் கசப்பு தணிந்து, உலர்திராட்சையும் டாஃபியும் மேலெழுகின்றன. 355 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 34 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது, பேல் ஏலில் 20 மில்லிதான். ஆகவே பிக்ஃபுட்டை இருவர் பகிர்ந்துகொள்வதே சரி.

சிக்கோவில் ஓர் ஆலை, 2014இல் வட கரோலினாவின் மில்ஸ் ரிவரில் இன்னொரு ஆலை என்று வளர்ந்துவிட்ட நிறுவனத்தைக் கிராஃப்ட் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கிராஃப்ட் ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் எல்லை ஆண்டுக்கு 60 லட்சம் பேரல். கிராஃப்ட் அல்லாத மதுபான நிறுவனங்களின் கையில் கால் பங்குக்கு மேல் உரிமை போகக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அளவைவிட இந்த இரண்டாவது நிபந்தனையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூஸ் ஐலண்ட் என்னும் கிராஃப்ட் ஆலை 2011இல் ஏபி இன்பெவ் என்னும் பெரும் பீர் நிறுவனத்திடம் போனது. லகுனிடாஸ் ஆலை 2015இல் பாதியும் 2017இல் மீதியுமாக ஹைனெகன் நிறுவனத்தின் வசமானது. இவர்கள் எல்லோருக்கும் முன்னோடியான ஆங்கரை 2017இல் வாங்கிய சப்போரோ நிறுவனம், 2023இல் அதை மூடுவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது. சியரா நெவாடா இன்றும் கிராஸ்மன் குடும்பத்திடமே இருக்கிறது. பேல் ஏலின் சுவை இத்தனை ஆண்டுகளாக மலிவான பொருள்களை நோக்கிச் சரியாமல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

வாங்குபவர்களுக்கு என் வேண்டுகோள்: பாட்டிலிலும் கேனிலும் அடைத்த தேதி அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் தயங்காமல் எடுங்கள். ஐந்து மாதம் கடந்து குளிரில் இல்லாமல் நின்றிருந்தால் விட்டுவிடுங்கள், இந்த ஏலைப் பற்றித் தவறான எண்ணத்தோடு திரும்புவதைவிட அது மேல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடிக்காமல், பத்து நிமிடம் வெளியில் வைத்து, 7 முதல் 10 டிகிரிக்கு வந்த பின் ஊற்றுங்கள். கடுங்குளிரில் கஸ்கேட்டின் மணம் வெளியே வராது. பாட்டிலின் அடியில் படிந்திருக்கும் மெல்லிய வெண்மை கெட்டுப்போனதன் அடையாளமன்று, ஈஸ்ட்தான். தெளிவாகக் குடிக்க விரும்பினால் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம். நான் அதை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றி முழுவதையும் கோப்பையில் கவிழ்த்துக்கொள்வேன். ரொட்டி மாவின் வாசமும் சற்றே பருத்த உடலும் கடைசி மிடறுகளுக்குக் கிடைக்கும்.