டிரெயின் போல்ட்டில் ஒரு காந்தம்: புதுக் காருக்கு வாங்கலாமா?

புதுக் கார் எடுத்தவரிடம் முதலில் மைலேஜ் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "முதல் ஆயில் எப்போ மாத்துறீங்க?" பைக் ஓட்டிப் பழகிய கை நம்முடையது. ராயல் என்ஃபீல்டோ பஜாஜோ, 500, 750 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை வடித்துவிடுவோம். ஆனால் காரை 1,000 கிலோமீட்டர் இலவச சர்வீஸுக்கு விட்டால், பெரும்பாலான கம்பெனிகளில் ஆயிலைத் தொடாமல் திருப்பித் தருகிறார்கள். அந்த இடைவெளியில் நுழைந்து விற்கிற பொருள்தான் காந்தம் பதித்த டிரெயின் போல்ட். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடியில், ஆயிலை வடிக்க இருக்கும் கம்பெனி போல்ட்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், ஆயிலில் மிதக்கும் இரும்புத்தூளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது விற்பவர்கள் சொல்வது.

பிடிக்கிறதா என்றால் பிடிக்கிறது. இன்ஜின் ஆயுள் அதனால் கூடுமா என்பது வேறு கேள்வி. இந்தப் போல்ட்டை மருந்தாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டராக நினைத்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

முதலில் காந்தத்தைப் பார்ப்போம். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நியோடைமியம் காந்தம் இருக்கும். அது பலமானது, ஆனால் அதன் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். நெடுஞ்சாலையில் ஓடும் காரின் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குப் போவது சர்வசாதாரணம். டர்போ காரில் மலை ஏறினால் இன்னும் கூடும். அதாவது முதல் ஊட்டிப் பயணத்திலேயே காந்தம் தன் சக்தியில் ஒரு பகுதியை இழந்துவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நியோடைமியத்திலேயே எச் ரகம் 120, எஸ்எச் ரகம் 150, யூஎச் ரகம் 180 டிகிரி வரை தாங்கும். சமேரியம் கோபால்ட் 250 டிகிரிக்கு மேலும் நிற்கும். அட்டைப்பெட்டியில் "சக்திவாய்ந்த காந்தம்" என்று மட்டும் போட்டு, வெப்ப அளவைப் போடாத போல்ட்டை வாங்கவே வேண்டாம்.

வாங்கியாகிவிட்டதா? அடுப்படியிலேயே சோதிக்கலாம். போல்ட்டின் நுனி ஒரே நேரத்தில் எத்தனை குண்டூசியைத் தூக்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் 20 நிமிடம் போட்டு, தானாக ஆறவிட்டு, மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை பளிச்சென்று குறைந்தால் அது 80 டிகிரி சரக்கு. திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது, காந்தத்தை எப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது. போல்ட்டின் நுனியில் குழி போட்டு, காந்தத்தை அழுத்திச் செருகி, விளிம்பை மடக்கியிருந்தால் நல்லது. வெறும் பசையில் ஒட்டியது சூட்டிலும் ஆயிலிலும் வருடக்கணக்கில் ஊறினால் ஒருநாள் கழன்று சம்புக்குள் விழும். இரும்புத் தகட்டுச் சம்பாக இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெரிய கெடுதல் இல்லை. அலுமினியச் சம்பில் ஒட்ட இடமில்லை. ஆயில் பம்பின் உறிஞ்சுவாய் வலை வரை உருண்டு போகும். காந்தத்தின் விளிம்பில் விரல் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். பசைக்கோடு தெரிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மரை அளவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பரவலாக எம்14 × 1.5 (விட்டம் 14 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்), டொயோட்டாவில் பெரும்பாலும் எம்12 × 1.25. விளம்பரத்தில் "எல்லா கார்களுக்கும் பொருந்தும்" என்று இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பழைய போல்ட்டைக் கழற்றி அளந்து, மரையின் நீளம், வாஷர் உட்காரும் விட்டம் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே புதியதைக் கையில் எடுக்க வேண்டும். முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். அலுமினியச் சம்பில் மரை போனால், மாற்றுவது போல்ட்டை அல்ல, சம்பை.

இப்போது முக்கியமான விஷயம். போல்ட்டைப் பூட்டிய பிறகு, அடுத்த ஆயில் மாற்றத்துக்கு முதல் முறை கழற்றும்போது நுனியில் என்ன தெரியும்?

திருநீற்றை எண்ணெயில் குழைத்தது போல சாம்பல் கலந்த கறுப்புக் கூழ், 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மீசை வைத்தது மாதிரி ஒட்டியிருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். பதற வேண்டாம். புது இன்ஜினில் சிலிண்டர் சுவரை ஒன்றையொன்று வெட்டும் சாய்கோடுகளாகக் கீறிவைத்திருப்பார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேட்டின் மேல் பிஸ்டன் ரிங் தேய்ந்து தனக்கான தடத்தைப் போட்டுக்கொள்ளும். அந்த மேடுகளின் நுனி உதிர்ந்ததுதான் இந்தக் கூழ். டைமிங் செயின், கேம் ஷாஃப்ட் ஆகியவற்றிலிருந்தும் கொஞ்சம் வரும். கூழை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். கண்மை போல வழுவழுவென்று பரவினால் இயல்பான தேய்மானம். மணல்போல நெருடினாலோ, வெயிலில் காட்டும்போது ஊசித் துணுக்கு, செதில் எனத் தனித்தனியாகத் தெரிந்தாலோ, அதைத் துடைத்துப் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் மடித்து வைத்து சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். போட்டோவும் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் கூடவே இருக்கட்டும்.

இரண்டாவது முறை கழற்றும்போது கூழ் பாதிக்கும் கீழே குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது முறை மெல்லிய படலம்தான் இருக்கும். இந்த இறங்குமுகம்தான் போல்ட் தரும் உண்மையான தகவல். குறையாமல் அதே அளவு வந்துகொண்டிருந்தால் கவனிக்க வேண்டும்.

குறை ஒன்றும் இருக்கிறது, அது சின்னக் குறை அல்ல. காந்தம் இரும்பை மட்டும்தான் பிடிக்கும். பிஸ்டன் அலுமினியம், பேரிங்கின் மேல்பூச்சில் அலுமினியம், செம்பு, வெள்ளீயம். இவை எதுவும் போல்ட்டில் ஒட்டாது. இன்ஜின் பூட்டும்போது தடவிய பசையின் பிசிறும் ஒட்டாது. ஆக போல்ட் சுத்தமாக இருப்பதால் இன்ஜின் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் பிளேடின் தூளே உள்ளே விழுந்து குழப்பும்; வெட்டும் சக்கரம் உள்ள ஃபில்டர் கட்டர்தான் சரி. மடிப்புப் பேப்பரைப் பிரித்து ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அலுமினியத் துகள் ஜிகினா போல மின்னும். ஃபில்டரின் வெளியே மாட்டுகிற காந்த வளையம் என்று ஒன்று விற்கிறார்கள். டப்பாவே இரும்பு; காந்தப் புலத்தின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

சரி, முதல் ஆயிலை எப்போது மாற்றுவது? போல்ட் வாங்குகிறவர்களுக்கு உள்ளூர இருக்கும் கேள்வி இதுதான். பைக்கை வைத்துக் காரை அளப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கியர் பற்களின் தூளும் கிளட்ச் தட்டின் தூளும் அதே ஆயிலில் சேருவதால் அங்கே 500 கிலோமீட்டர் நியாயம். காரில் கியர்பாக்ஸ் ஆயில் தனி. இன்றைய சிலிண்டர்களில், கீறிய கோடுகளின் கூர்மேடுகளைத் தொழிற்சாலையிலேயே மழித்துத்தான் அனுப்புகிறார்கள். பழைய அம்பாசிடர் காலத்து ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினை ஓட்டிப் பழக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஹோண்டாவோ ஒருபடி மேலே போய், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை அட்டவணைக்கு முன் மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறது. இன்னொரு பக்கம், பிஎம்டபிள்யூ தன் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே தீர வேண்டும் என்கிறது. அதுவரை இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றை (ஆர்பிஎம்) தாண்டக் கூடாது. ஆக, எல்லா இன்ஜினுக்கும் ஒரே எண் கிடையாது.

எங்கள் கணிப்பு இது. டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல், தினமும் 15, 20 கிலோமீட்டராவது ஓடுகிறது என்றால், கம்பெனி அட்டவணையே போதும். மனசு கேட்காவிட்டால் 5,000 கிலோமீட்டர் சர்வீஸில் காசு கொடுத்து மாற்றச் சொல்லலாம். நேரடி எரிபொருள் பீச்சும் டர்போ பெட்ரோலாக இருந்து, தினம் 3 கிலோமீட்டர் பள்ளிக்கூடம், 2 கிலோமீட்டர் காய்கறிக்கடை என்று ஓடினால் கதை வேறு. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும், சில நேரம் அளவு ஏறியே காட்டும். இந்த வகைக்கு 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் ஒரு மாற்று செலவுக்குத் தகும். 200 கிலோமீட்டரில் ஒன்று, 500-ல் ஒன்று, 1,000-ல் ஒன்று என்று மாற்றுவது ஆயில் கடைக்காரருக்கு மட்டும் லாபம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்காருவது ஓட்டுகிற விதத்தால். ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் அது நடக்காது. எரியறையின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளிப் பிடிக்கிறது. முதல் 1,000 கிலோமீட்டருக்குக் காரைத் தாலாட்டிக்கொண்டே ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. சுவர் கண்ணாடிபோலப் பளபளப்பாகி, பின்னாளில் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ஹூண்டாய் கையேடு முதல் 1,000 கிலோமீட்டருக்கு 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் ஆர்பிஎம்மை வைக்கவும், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமலிருக்கவும் சொல்கிறது. சுசுகியின் கணக்கு 960 கிலோமீட்டர். க்ரூஸ் கன்ட்ரோலை அதுவரை மறந்துவிடுங்கள். இன்ஜின் சூடான பிறகு, மூன்றாவது கியரில் பாதி ஆக்சிலேட்டர் கொடுத்து 2,000-லிருந்து 3,500 வரை ஏற்றி, காலை எடுத்து, கியரிலேயே வேகம் இறங்கவிடுவது நல்ல பழக்கம். ஐந்தாவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு இன்ஜினைத் திணறவிடுவது கெட்ட பழக்கம்.

போல்ட்டைப் பூட்டும் வேலை அரை மணி நேரம்தான். இன்ஜினை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி வரும். நெடுஞ்சாலையிலிருந்து வந்ததும் கழற்றினால் கை வெந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். புது வாஷர் கட்டாயம். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, மறுபடி அடைக்காது. கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்காதீர்கள், ஒர்க்‌ஷாப் தரையின் இரும்புத்தூளெல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்ளும். பிறகு எது இன்ஜினுடையது, எது தரையுடையது என்று தெரியாது. துடைக்கும்போது துணி கூழை இழுத்துப் பரப்புமே தவிர எடுக்காது. செலோ டேப்பை ஒட்டி உரித்தால் முழுதாக வந்துவிடும். முறுக்கு விசை சிறிய கார்களில் 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். "நல்லா டைட் பண்ணிட்டேன் சார்" என்று நீளக் குழாய் போட்டு முறுக்கியதில்தான் பாதிச் சம்புகள் போகின்றன. ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. ஆயில் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்.

ஆயில் ரகத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் சரி" என்று 0டபிள்யூ-16 என்ற மெல்லிய ஆயில் கேட்கிற இன்ஜினில் திக்கான 20டபிள்யூ-40 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் அது மெதுவாகத்தான் மேலே ஏறும், வால்வு நேரத்தை மாற்றும் பகுதியும் அந்த மெல்லிய ஆயிலின் அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது.

வாரண்டி உள்ள காரில் கம்பெனி அல்லாத போல்ட்டைப் போடுவது உங்கள் பொறுப்பு. கசிந்தாலோ மரை போனாலோ கம்பெனி கைகழுவும். இலவச சர்வீஸ்களைத் தவறாமல் அங்கேயே செய்யுங்கள். இடையில் வெளியே மாற்றினால் ஆயில், ஃபில்டர் பில்லைக் கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். கழற்றிய கம்பெனி போல்ட்டைத் தூக்கி எறியாமல், ஒரு புது வாஷரோடு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு டேஷ்போர்டு அறையில் வையுங்கள். மூன்றாவது முறை படலம் மட்டும் தெரிந்ததென்றால், அடுத்த சர்வீஸில் அதையே திரும்பப் பூட்டிவிடலாம்.