பிளாக்ஃபிஷ்: ஊரில் திரையிடுகிறவர்களுக்காக ஒரு பார்வை

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பள்ளியிலோ நூலகத்திலோ விலங்குகளைப் பற்றிப் படம் போட நினைப்பவர்கள் 2013-இல் வந்த ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படத்தைத் தாராளமாக எடுக்கலாம். 83 நிமிடம். இயக்கம் கேப்ரியேலா கௌபர்த்வெய்ட். 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டு, தொட்டியிலேயே வளர்ந்து, மூன்று மனிதச் சாவுகளில் பெயர் அடிபட்ட திலிகும் என்ற ஓர்க்காவின் (கொலையாளித் திமிங்கிலம் என்பார்கள்) கதை. முட்டம், குளச்சல் வள்ளக்காரர்கள் கடலில் பார்க்கிற ஓங்கிலின் (டால்பின்) குடும்பம்தான் ஓர்க்காவும்.

எடுத்த எடுப்பில் 2010-இல் பயிற்சியாளர் ஒருவர் இறந்த நாளின் அவசர அழைப்புக் குரல். அப்புறம் உடனே, ஓர்க்காக்களை வைத்து வித்தை காட்டிய அமெரிக்கப் பூங்கா நிறுவனமான சீவேர்ல்டின் பழைய விளம்பரங்கள், அந்த வேலை கிடைத்த பூரிப்பைச் சொல்லும் முன்னாள் பயிற்சியாளர்கள். அந்தச் சந்தோஷத்தில் நம்மையும் உட்காரவைத்துவிட்டுத்தான் தொட்டியின் மறுபக்கத்தைத் திறக்கிறார்கள். வெளியாள் குறை சொன்னால் எதிர்வாதம் தோன்றும். மீன் ஊட்டிய கையே சாட்சி சொல்லும்போது வாயடைத்துப் போகிறது.

படத்தின் உச்சம் 1970-இல் வாஷிங்டன் கரையோரம் நடந்த வேட்டை. படகுகளும் வெடிகளுமாகக் கூட்டத்தை மடக்கி, குட்டிகளை மட்டும் பிரிக்கிறார்கள். வலைக்கு வெளியே தாய்கள் போகாமல் நிற்கின்றன. செத்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல் நிரப்பி மூழ்கடித்த வேலையைச் செய்தவரே, நரைத்த தாடியோடு, சொல்லும்போது உடைந்துபோகிறார். அந்த முகமே போதும்.

தாயும் மகளும் பிரிக்கப்படும் பகுதியில் மட்டும் படம் நேர்மையில் ஒரு படி இறங்குகிறது. தாய் ஓர்க்கா கசாட்காவிடமிருந்து கொண்டுபோகப்பட்ட மகள் டகாராவைப் பால்குடி மாறாத குட்டி என்றே பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பிரிக்கப்பட்ட 2004-இல் அதற்கு வயது 12-க்கு மேல். தானே ஒரு குட்டிக்குத் தாய். கரையோர ஓர்க்காக் கூட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளும் ஆயுள் முழுக்கத் தாயோடுதான் திரியும் என்பதால் கொடுமை குறையவில்லை. வயதைச் சொல்லியிருந்தாலும் வாதம் நின்றிருக்கும். மறைத்ததுதான் எதிர்த்தரப்புக்குப் பிடி கொடுத்தது. பேசுகிறவர்களில் பலர் 2010-க்கு வெகுகாலம் முன்பே வேலையை விட்டவர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீவேர்ல்டு பேட்டி தர மறுத்ததைப் படமே தெரிவிக்கிறது.

எட்டாம் வகுப்புக்குக் கீழே காட்ட வேண்டாம். தாக்குதல் காட்சிகள் நிஜப் பதிவுகள். வேட்டைக் காட்சி முடிந்ததும் நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். டகாரா பகுதியை ஒருமுறை ஒலியோடும் இன்னொருமுறை ஒலியில்லாமலும் ஓட்டுங்கள். கண் கலங்கவைத்தது காட்சியா இசையா என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

2016-இல் சீவேர்ல்டு ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு ஜனவரியில் திலிகும் இறந்தது. இந்தியாவில் ஓங்கில் காட்சியகங்களுக்கு 2013 மே மாதமே தடை வந்துவிட்டது. அதனால் நம் ஊர்க் கூட்டத்தில் கேள்வி யானைப் பக்கம்தான் திரும்பும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் திருவனந்தபுரம் போகிற மாவட்டம் இது. தார் ரோட்டுச் சூடு, சங்கிலி நீளம், கால் புண், குடிநீர் இதையெல்லாம் விவரமாகச் சொல்ல ஒரு கால்நடை மருத்துவரையும் பாகன் ஒருவரையும் முன்கூட்டியே அழைத்து வையுங்கள்.